காத்மாண்டுவுக்குப் போன வீட்டுச் சாவி

காத்மாண்டு விமான நிலையத்தில் எங்களை முதலில் மறித்தது கருவாடு. ஒலுவில் துறைமுகத்தில் வாங்கி, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பொலித்தீன் பைகளுக்குள் போட்டு, அதற்கு மேல் பழைய சாரன் ஒன்றையும் சுற்றி என் ராத்தா கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊரில் அக்காவை ராத்தா என்போம். மணம் அடங்குமா? சுங்க அதிகாரி பையைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார், பிறகு ஆசையாக இன்னொரு தடவை மணந்து பார்த்தார்.

"சித்ராவா?" என்று கேட்டார். அவர்கள் நாட்டிலும் சின்ன மீனைக் காய வைத்துத் தின்கிறார்களாம், அதற்குப் பெயர் சித்ராவாம். கடலே இல்லாத நாட்டுக்காரன் கருவாட்டை அடையாளம் கண்டதில் ராத்தாவுக்குப் பெரிய சந்தோசம். கருவாடு தப்பியது. அடுத்ததாக அதிகாரியின் கையில் ஒரு சாவி அகப்பட்டது. சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய பித்தளைச் சாவி.

"இது எந்த ஹோட்டல் சாவி?"

"ஹோட்டல் இல்ல. என்ட மகள்ற ஊட்டுச் சாவி" என்றார் ராத்தா தமிழிலேயே. நான் ஹிந்தியில் சொன்னேன்.

"மகள் வீடு நேபாளத்திலா?"

"இல்லை, இலங்கையில். சாய்ந்தமருது."

"அப்படியென்றால் சாவி ஏன் இங்கே வந்தது?"

நல்ல கேள்விதான். பின்னால் நின்ற வரிசை நீளமாக இருந்ததால் அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் ராத்தா ஜெஸீமாவின் மூத்த மகள் ஷிபானா இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர். தெற்காசிய நாட்டுப் பெண்களின் போட்டி இம்முறை நேபாளத்தில் நடந்தது. பிள்ளை அணியோடு புறப்பட்டுப் போன கையோடு, நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எஞ்சினியர். மாப்பிள்ளையைப் பெற்ற உம்மா வந்து, பெண்ணின் படத்தைப் பார்த்து, கட்டி முடித்த வீட்டைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குடித்துப் பார்த்து, எல்லாம் சரி என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கும்போதுதான் ஒரு கதையை வைத்தார்.

"கலியாணத்துக்குப் பிறகு பந்தடி வேணாம் மதினி. இதுதான் கடைசியா இருக்கட்டும். வெள்ளிக்கிழம பொழுதுபட்டு மஃரிப் தொழ முன்னம் ஒரு முடிவ சொல்லுங்க."

ஷிபானாவுக்கு போன் எடுத்துச் சொன்னால், "மெச் முடியட்டும் உம்மா" என்று வைத்துவிட்டாள். கத்தாரில் இருக்கும் ராத்தாவின் கணவர், என் மச்சான், "நீயும் மகளும் கதைச்சு முடிவெடுங்க" என்று பந்தை இந்தப் பக்கம் தட்டிவிட்டார். ராத்தா ஒரு இரவு முழுக்க யோசித்தார். விடிந்ததும் என் கடைக்கு வந்து நின்று, "வா, நேபாளத்துக்குப் போவம்" என்றார். பக்கத்து ஊர்ச் சம்மாந்துறைக்குப் போவோம் என்பது போலச் சொன்னார்.

எங்கள் கரையோர ஊர்களில் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண் பிள்ளை பிறந்தால் பெற்றவர்கள் கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாணத்தன்று மாப்பிள்ளை வாசற்படியில் கால் வைக்கும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அன்றைக்குத்தான் வீட்டுச் சாவி மகளின் கைக்குப் போகும், அதற்கு ஒரு நாள் முந்தியும் போகாது. ராத்தாவின் திட்டம் இதுதான்: நேரே போய்ப் பிள்ளையிடம் சாவியைக் காட்டி, "சரி எண்டு சொல்லு மகள்" என்று கேட்பது.

"இது லஞ்சம் ராத்தா" என்றேன்.

"வாய மூடுகா" என்றார்.

ஆனால் அந்த வாய் அவருக்குத் தேவைப்பட்டது. நான் கல்முனைக் கடைத்தெருவில் பெண்களுக்குத் தைத்துக் கொடுப்பவள். அதற்கு முன் ஜோர்தானில் உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில், நேபாளப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் இருந்து தைத்தவள். ஹிந்தியும் கொஞ்சம் நேபாளியும் அங்கே ஒட்டிக்கொண்டவைதான். அந்த வரிசையில் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த சரிதா இப்போது காத்மாண்டுவில் இருக்கிறாள். அவள் வீட்டில்தான் தங்கினோம்.

சரிதா செவ்வந்தி மாலைகளோடு வெளியே நின்றாள். என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள், பிறகு ராத்தாவையும் கட்டிப் பிடித்தாள். ராத்தா மரம் மாதிரி நின்றார். கொஞ்சத்தில் அவரும் சரிதாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

நேபாளத்து மணிக்கூடு எங்களுடையதைவிடக் கால் மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. என்ன கணக்கோ தெரியாது. நான் என் கைக்கடிகாரத்தைத் திருப்பினேன். ராத்தா மாட்டேன் என்றுவிட்டார். "நிந்தவூராக்கள் நம்மட நேரத்துக்குத்தான் போன் எடுப்பாங்க."

பட்டணத்துக்குள் ஒரு டெம்போவில் போனோம். எங்கள் ஓட்டோவை இழுத்து நீட்டியது போல, இரண்டு பக்கமும் ஆட்கள் முழங்கால் இடிக்க உட்காரும் மின்சார வண்டி. ஓட்டியவர் ஒரு பெண். ராத்தா அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு ஏற்றத்தில் பற்றரி இறங்கி வண்டி நின்றுவிட்டது. ஓட்டியவர் சத்தம் போட, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அபாயாவை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராத்தா தள்ளிய தள்ளில் அரைவாசி ஏற்றம் ஏறிவிட்டது என்றே சொல்வேன்.

பக்கத்தில் தள்ளிய இரண்டு மாணவிகள் தங்களுக்குள் கதைத்தார்கள். "வெள்ளிக்கிழமை இலங்கையோடு. அவர்களுடைய கீப்பர் நல்ல உயரமாம். மேலே அடித்தால் பிடித்துவிடுவாளாம், கீழேதான் அடிக்க வேண்டும்."

"என்ன கதைக்காளுகள்?" என்றார் ராத்தா.

"உங்கட மகளப் பத்தித்தான். உயரமாம்."

ராத்தா அந்தப் பிள்ளைகளை மேலும் கீழும் பார்த்தார். "இவளுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று அன்றிரவு வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையே அணி தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனோம். பிள்ளைகள் பயிற்சிக்குப் போய்விட்டார்கள், மெச் முடியும் வரைக்கும் யாரையும் சந்திக்க முடியாது என்று அணியோடு வந்திருந்த பெண் ஒருவர் தன்மையாகச் சொன்னார். "உம்மா வந்திருக்கிறார் என்று சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் ஓம் சொல்ல வாயெடுத்தேன். ராத்தா என் கையைக் கிள்ளினார்.

"வேணாம். என்னத்துக்கு வந்தன் எண்டு புள்ளைக்கு விளங்கிரும். பந்தப் பாக்காம என்னத் தேடும்."

கேட்க வந்தவருக்கே கேட்கப் பயம் என்று அப்போது எனக்கு விளங்கியது.

பிறகென்ன, ஊர் சுற்றினோம். சரிதா எங்களை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். சோறு, பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். தட்டு காலியாக விடமாட்டார்கள். போதும் என்று சொன்னால் இன்னும் ஒரு கரண்டி விழுகிறது. கையால் தட்டை மூடினால் விரல் இடுக்கில் பருப்பை ஊற்றுகிறார்கள். "இது நம்மட கலியாண ஊட்டுச் சாப்பாட்ட விட மோசமாக் கிடக்கே" என்று ராத்தா மூச்சு வாங்கினார். நாங்கள் வெளியில் இறைச்சி சாப்பிட மாட்டோம் என்பதை ஜோர்தானிலிருந்தே சரிதா மறக்கவில்லை. அவள் வீட்டிலும் எங்களுக்காக இறைச்சிச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. எங்கள் கருவாட்டை மட்டும் பொரித்தாள், மேல் வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

பின்னேரம் பக்தபூரில் மண் சட்டித் தயிர் விற்கும் கடைக்குக் கூட்டிப் போனாள். தயிருக்கே அரசன் என்று சொன்னாள். ராத்தா சட்டியை வாங்கினார், தலைகீழாகக் கவிழ்த்தார். கடைக்காரன் "ஐயோ" என்று எழும்பினான். தயிர் அசையவில்லை. "நம்மட சவளக்கடைப் பக்கத்துத் தயிர் மாதிரித்தான். நல்லது" என்று நிமிர்த்திக்கொண்டார். எங்கள் ஊரில் சோதிக்காமல் யார் தயிர் வாங்குவார்கள்? கடைக்காரனுக்கு அதை விளங்கப்படுத்த எனக்கு நேரம் எடுத்தது.

அந்தத் தயிர்க் கடைச் சுவரில் கிரிக்கெட் இல்லை, சினிமா நடிகை இல்லை. நேபாளப் பெண்கள் அணியின் படம் ஒட்டியிருந்தது. நாங்கள் எந்த நாடு என்று கடைக்காரன் கேட்டான். சரிதா முந்திக்கொண்டு, இந்த அம்மாவின் மகள்தான் இலங்கையின் கீப்பர் என்று சொல்லிவிட்டாள். அவன் தயிருக்குக் காசு வாங்க மறுத்தான். "நாங்கள்தானே போட்டியை நடத்துகிறோம். நீங்கள் எங்கள் விருந்தாளிகள்" என்றான். பிறகு சிரித்தான். "ஆனால் நாளைக்குத் தோற்றுத்தான் போவீர்கள்."

வெள்ளிக்கிழமை. மத்தியானம் லுஹர் தொழச் சரிதா ஒரு புதுப் படுக்கைவிரிப்பை விரித்துத் தந்தாள், தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று போனில் தேடியும் வைத்திருந்தாள். தொழுதுவிட்டு மைதானத்துக்குப் புறப்பட்டோம்.

மைதானத்து வாசலில் ராத்தா நின்றுவிட்டார். வரிசை தெருவைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து நேரே வந்த ஆண்கள், கன்னத்தில் கொடி வரைந்த பிள்ளைகள், மகளைத் தோளில் ஏற்றிய தகப்பன்மார்.

"ரிஸ்மி, இதெல்லாம் நம்மட புள்ளைகள்ற பந்தடிய பாக்கவா?"

"ஓம்."

"இவ்வளவு ஆம்புளையளா?"

"ஓம் ராத்தா."

ஷிபானாவின் ஒரு மெச்சைக்கூட ராத்தா பார்த்ததில்லை. எங்கள் ஊர் மைதானத்தில் பெண்கள் போய் நிற்கிற வழக்கம் இல்லை, கொழும்பு தூரம். மகள் விளையாடுகிறாள் என்பது அவருக்கு அழுக்கு உடுப்பும் காய்ந்த சேறும் பிந்தி வரும் பஸ்ஸும்தான்.

நேபாள ரசிகர்களுக்கு நடுவில்தான் இடம் கிடைத்தது. அணிகள் இறங்கின. மஞ்சள் மேலாடை, நீளக் காற்சட்டை, நான் தைத்துக் கொடுத்த கறுப்புத் தலையுறை. ஷிபானா ஓடிப் போய் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நின்றாள்.

"மாஷா அல்லாஹ், எவ்வளவு பெரிய வாசல் கா! இதுக்கு ஒரு ஆள்தானா?"

"ஒரு ஆள்தான்."

"அநியாயம்."

விளையாட்டை விளங்கப்படுத்தச் சொன்னார். பந்து வலைக்குள் போனால் கோல், கோல் போட்டால் வெற்றி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் நேபாளத்துப் பிள்ளை ஒருத்தி இடது பக்கத்தால் காற்றாகப் பறந்து வந்தாள். டெம்போ தள்ளிய மாணவிகள் சொன்னது போலவே கீழே அடித்தாள். ஷிபானா பாய்ந்தாள், எட்டவில்லை. பந்து வலைக்குள் போய்ச் சுருண்டது. மைதானமே எழும்பிக் குதித்தது.

ராத்தாவும் எழும்பினார். எழும்பிக் குரவை போட்டார்.

ராத்தாவின் குரவையைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குறிச்சியில் மாப்பிள்ளை தெருமுனையில் திரும்பும்போதே அவரைத்தான் முன்னுக்கு நிறுத்துவார்கள். என் கடையில் தைக்கும் பாண்டிருப்பு யோகம்மா கோயில் திருவிழாக்களில் குரவை போட்டுப் பழகியவள், அவளே "உங்கட ராத்தாட நாக்குக்கு நாங்க ஈடில்ல" என்பாள். அந்தக் குரவை அத்தனை ஆயிரம் பேரின் கூச்சலையும் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் போனது.

சுற்றியிருந்த நேபாளத்தவர்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒருவன் தன் நாட்டுக் கொடியை ராத்தாவின் தோளில் போர்த்தினான். முன் வரிசைப் பெண் ஒருத்தி கை கொடுத்தாள். நான் ராத்தாவின் அபாயாவைப் பிடித்து இழுத்தேன்.

"ராத்தா! அது நம்மட வாசல்!"

"ஓம், நம்மட வாசலுக்குத்தானே வந்தது?"

"வரப்படாது!"

"வரப்படாதா?" ராத்தா என்னைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "மறுகா என்னத்துக்கு வாசல் வச்சிருக்கு?"

சரிதா சிரித்துச் சிரித்துக் கதிரைக்குக் கீழே போய்விட்டாள். நான் ஷிபானாவைப் பார்த்தேன். பந்தை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து, கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரவை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு கையையும் தலையில் வைத்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்தை நிமிர்த்தியபோது பார்த்தேன், சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு ராத்தாவின் கண் அந்த வாசலை விட்டு நகரவில்லை. பந்து கிட்ட வரும்போதெல்லாம், "போ, அங்கால போ, வராத" என்று கையால் விரட்டினார். ஷிபானா ஒன்றைத் தட்டினாள், ஒன்றைக் குத்தினாள், ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். இன்னொரு தடவை, மூன்று பேருக்கு நடுவில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது ஒருத்தியின் முழங்கால் அவளுடைய கையில் இடித்தது. சுருண்டு கிடந்தாள்.

ராத்தா படியில் இறங்கத் தொடங்கிவிட்டார். காவலுக்கு நின்றவர் கையை விரித்து மறித்தார். "என்ட புள்ள!" என்றார் ராத்தா. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கியது. அவர் தள்ளவில்லை, பக்கத்தில் நின்று தானும் பார்த்தார்.

ஷிபானா எழும்பினாள். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பின்வரிசைப் பிள்ளைகளிடம் ஏதோ சத்தம் போட்டாள், அவர்கள் உடனே இடம் மாறி நின்றார்கள். வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவச் சொன்னாலும் பத்துத் தடவை கூப்பிட வேண்டிய பிள்ளை அவள். இங்கே அவள் ஒரு சொல் சொல்ல, பத்துப் பேர் கேட்கிறார்கள். ராத்தா திரும்பி வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வெட்கம் என்ன, பெருமையில் வந்த அழுகைதானே.

முடியப் போகும் நேரம் எங்கள் பிள்ளை ஒருத்தியின் கையில் பந்து பட்டு, நேபாளத்துக்குப் பெனால்டி கிடைத்தது. இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன். "ஒருத்தி நேரா நிண்டு அடிப்பா. ஷிபானா தனியத் தடுக்கணும். உள்ள வந்தா நமக்கு நட்டம்."

ராத்தா பிஸ்மில்லாஹ் சொன்னார். விசில் ஊதியது. அடித்தவள் வலப் பக்கம் அடித்தாள், ஷிபானாவும் அந்தப் பக்கமே பாய்ந்தாள். பந்து அவள் கையில் பட்டு, கம்பத்துக்கு வெளியே போனது.

மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. நான் மட்டும் கத்தினேன். ராத்தா வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரிஸ்மி, இப்ப போடலாமா?"

"இப்பதான் ராத்தா போடணும்!"

போட்டார். முதல் போட்டதைவிட நீளமாகப் போட்டார். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து, தோற்கிற நாட்டுக்காரிக்கு இவ்வளவு சந்தோசமா என்று வாய் பிளந்து, பிறகு தாங்களும் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. ஷிபானா எங்கள் பக்கம் திரும்பவில்லை, ஒரு கையை மட்டும் மேலே தூக்கினாள்.

தோற்றுத்தான் போனோம். தயிர்க் கடைக்காரன் சொன்னது பலித்தது. ஆனால் ஒரு கோலோடு நின்றது.

அணியின் பஸ் நின்ற பின் வாசலில் சரிதா காவலாளியோடு கதைத்து எங்களை உள்ளே எடுத்தாள். ஷிபானா கையுறைகளை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்து, வேர்வையோடு உம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"கோல் வாங்கினதுக்குக் குரவை போட்ட உம்மா உலகத்துலயே நீங்க ஒராள்தான்."

"வாசலுக்கு வந்தா நல்லதெண்டு நினைச்சன் மகள்."

"மாப்புள எண்டு நினைச்சிங்களாக்கும்."

மாப்பிள்ளை என்ற சொல் வந்ததும் ராத்தா கதையை மாற்றினார். ராத்தா பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரல் வீங்கியிருந்தன.

"நோகுதா?"

"நொந்தா என்ன, பிடிச்சிட்டன்தானே."

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் நிந்தவூர் மதினி, மாப்பிள்ளையின் உம்மா. ராத்தா தன் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்கள் ஊரில் இன்னும் மஃரிப் ஆகவில்லை. போனை அடிக்க விட்டுவிட்டு, கைப்பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். ரிப்பனில் இன்னும் கருவாட்டு மணம்.

"இந்தா."

ஷிபானா ஓர் அடி பின்வாங்கினாள். "நான் இன்னும் சரி சொல்லல்ல உம்மா."

"நான் கேக்கல்ல." ராத்தா சாவியை நீட்டிக்கொண்டே நின்றார். "கேக்கத்தான் வந்தன். பாத்தன். இனிக் கேக்கமாட்டன். ஊடு உனக்குக் கட்டினது, மாப்புளைக்கு இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலியாணத்துக்கு முந்தி எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணின் கைக்கும் சாவி போனதில்லை. என் கைக்கும் போகவில்லை, ராத்தாவின் கைக்கும் போகவில்லை. ஷிபானா வீங்கிய கையால் அதை வாங்கினாள்.

போன் மறுபடி அடித்தது. ராத்தா எடுத்து, சத்தமாகக் கேட்க வைத்தார்.

"ஓம் மதினி, ஸலாம். முடிவு கேட்டிங்க. சாவிய மகள்ட்டக் குடுத்திட்டன். இனி ஊட்டுக்காரி அவதான், அவவோடயே கதைங்க."

போன் ஷிபானாவின் கைக்குப் போனது. பெனால்டிக்கு நின்ற முகத்தோடுதான் நின்றாள்.

"மாமி, நான் விளையாடுவன். கலியாணத்துக்குப் பிறகும் விளையாடுவன். உங்களுக்கும் அவருக்கும் அது சம்மதம் எண்டா வாங்க. இல்லாட்டி எனக்குக் கோவமில்ல."

பஸ் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார்கள், மற்றப் பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மாமியின் குரல் வந்தது, நான் நினைத்ததைவிடச் சின்னதாக.

"கை வீங்கிரிக்கா மகள்? அடி பட்டதெண்டு மகன் சொன்னான். போன்ல மெச்சப் போட்டுப் பாத்துக்கொண்டு, சாப்பிடவும் எழும்பல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அவனோட கதைச்சிட்டு எடுக்கன். கைக்கு ஏதும் பூசுங்க."

போன் வைக்கப்பட்டது. ராத்தாவின் முகம் மலர்ந்துகொண்டு வந்தது.

"உம்மா, இன்னும் ஒண்டும் முடியல்ல" என்றாள் ஷிபானா.

ராத்தா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ரிஸ்மி, இப்ப போடலாமா?"

"என்னட்ட ஏன் கேக்கிங்க? ஊட்டுக்காரிட்டக் கேளுங்க."

ராத்தா மகளைப் பார்த்தார். ஷிபானா சாவியைக் கையுறைக்குள் பத்திரமாகத் தள்ளி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போடுங்க உம்மா" என்றாள்.